ட்ரைசூட்டுக்கு ஹூட் வாங்குவது எப்படி: கழுத்திலிருந்து ஒரு வழிகாட்டி

டொரண்டோவிலிருந்து வடமேற்கே நாலு மணி நேரம் கார் ஓட்டினால் டோபர்மோரி வரும். ஹூரான் ஏரியும் ஜார்ஜியன் வளைகுடாவும் சேரும் முனை அது. சுற்றியுள்ள நீர்ப்பரப்பை 1987-ல் ஃபாதம் ஃபைவ் தேசியக் கடற்பூங்காவாக அறிவித்தார்கள். உப்பில்லாத ஏரிக்கு எதற்குக் கடற்பூங்கா என்ற பெயர் என்று கேட்காதீர்கள், எனக்கும் அது வேடிக்கைதான். 1884-ல் மூழ்கிய அரேபியா என்ற பாய்மரக் கப்பல் அங்கே முப்பது மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. ஆகஸ்ட் மாதத்தில் மேலே பிள்ளைகள் குதித்து நீந்துவார்கள். கப்பல் கிடக்கும் ஆழத்திலோ 4 டிகிரி. நன்னீர் 4 டிகிரியில்தான் மிகக் கனமாக இருக்கும். அதனால் குளிர்காலத்தில் அடிக்குப் போன தண்ணீர் கோடையிலும் அங்கேயே படுத்துக்கிடக்கும்.

ட்ரைசூட் என்பது தண்ணீரை உள்ளே விடாமல் உடம்பை உலர்வாக வைக்கும் டைவிங் உடை. அதைப் போட்டு என் முதல் டைவ் அந்த ஊரில்தான், ஆழமில்லாத ஒரு குடாவில். சூட்டுக்குப் பல மாதம் பணம் சேர்த்தேன். உள்ளாடை, கையுறை எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கினேன். தலையையும் கழுத்தையும் மூடும் ஹூட் மட்டும் பழையது. கொஞ்சம் தண்ணீரை உள்ளே விடும் வெட்சூட்டோடு போட்டுக்கொண்டிருந்த, தோள்வரை மடல் விரியும் 5 மில்லி (மில்லிமீட்டர் தடிமன்) ஹூட். வெட்சூட்டில் அந்த மடலைச் சூட்டுக்குள் திணிப்பது வழக்கம். கை பழக்கத்தில் அதையே செய்தது. மடலின் ஒரு ஓரம், தண்ணீர் புகாமல் கழுத்தைப் பிடிக்கும் சீலுக்கு அடியில் போய்விட்டது. இறங்கி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, நெஞ்சுக்குள் பனித்தண்ணீர் கோடு போட்டு இறங்கியது. சூட்டில் குறையில்லை, ஹூட்டிலும் குறையில்லை. இரண்டுக்கும் பொருத்தம் இல்லை, அவ்வளவுதான்.

கடைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை மில்லி?" என்றுதான். நான் அந்தக் கேள்வியை இரண்டாவதாகத் தள்ளிவைக்கச் சொல்வேன். முதலில் உங்கள் சூட்டின் கழுத்தைப் பாருங்கள்.

முதலில் ஒரு சந்தேகம்: ட்ரைசூட் போட்டும் தலை நனையுமா?

நனையும். புதிதாக வருகிறவர்கள் பலருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். பெரும்பாலான ட்ரைசூட்கள் கழுத்தோடு முடிந்துவிடும். லேடெக்ஸ், சிலிகான், நியோப்ரீன் (நுரைபோன்ற செயற்கை ரப்பர்) ஆகிய மூன்றில் ஒன்றால் ஆன சீல் கழுத்தைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். அதற்குக் கீழே உலர்ந்த உடம்பு, மேலே ஈரத்தலை. தலைக்குத் தனியாகப் போடும் நியோப்ரீன் ஹூட் வெட்சூட்டைப் போலவே வேலை செய்யும். கொஞ்சம் தண்ணீரை உள்ளே விட்டு, அதை நகரவிடாமல் பிடித்துவைத்து, உடம்பின் வெப்பத்திலேயே வெதுவெதுப்பாக்கும். சூடு காப்பது உண்மையில் நியோப்ரீனுக்குள் இருக்கும் நுண்ணிய வாயுக்குமிழ்கள்.

உடல் வெப்பத்தில் பாதி தலைவழியாகப் போய்விடும் என்று டைவிங் வகுப்புகளில் இன்னும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது தவறு. 2008-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த மருத்துவக் கட்டுக்கதைகள் பற்றிய கட்டுரை இதையும் பட்டியலில் சேர்த்தது. தலை உடம்பின் பரப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை; ஏறக்குறைய அந்த அளவுக்கே வெப்பமும் போகும். அப்படியானால் ஹூட் தேவையில்லையா என்றால், அதுவும் இல்லை. குளிரில் கைவிரல்களின் ரத்தக்குழாய்கள் சுருங்கிக்கொள்ளும், உச்சந்தலையில் ஓடுபவை அந்த அளவுக்குச் சுருங்குவதில்லை. கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் கோர்டன் கீஸ்பிரெக்ட்டின் குழு செய்த சோதனைகளில், தலையையும் தண்ணீரில் மூழ்கவைத்தபோது, தலைவழியாகப் போன வெப்பத்தின் கணக்குக்கு மிஞ்சிய வேகத்தில் உடலின் உள்வெப்பம் இறங்கியது. தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் படித்துத் தெரிந்துகொள்வது. நெற்றியில் நாலு டிகிரித் தண்ணீர் பட்டால் ஐஸ்கிரீமை அவசரமாக விழுங்கியதுபோல் மண்டைக்குள் ஒரு குத்து வரும். அது ஒரு தடவை வந்தால் போதும், ஹூட்டைப் பற்றி யாரும் வாதாட வரமாட்டார்கள்.

படி 1: சூட்டின் கழுத்தைப் படியுங்கள்

சூட்டை மேசைமேல் விரித்து, கழுத்துப் பகுதியில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். பொதுவாக நாலு விதம்.

ஒன்று: லேடெக்ஸ் அல்லது சிலிகான் சீல், அதற்கு வெளியே நியோப்ரீன் காலர். இப்போது வரும் சூட்களில் அதிகம் இதுதான். காலர் தண்ணீரைத் தடுக்காது, அதன் வேலை சூடு காப்பது மட்டும். சீலுக்கும் காலருக்கும் இடையில் ஒரு பள்ளம் இருக்கும், ஹூட்டின் கழுத்து அதற்குள் உட்கார வேண்டும். இதற்கு மடல் இல்லாத, குட்டைக் கழுத்து ஹூட் போதும். குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது கட்டும் பிப் போல மார்பில் விரியும் மடல் உள்ள ஹூட்டைக் கொண்டுவந்தால் அது அந்தப் பள்ளத்தில் அடங்காது. மடித்துத் திணித்தால் தொண்டைக்குழியில் உருண்டையாக நிற்கும். மேலும் திணித்தால் எனக்கு ஆனதுதான் ஆகும்.

இரண்டு: சீல் மட்டும், காலர் இல்லை. பழைய சூட்களிலும் விலை குறைந்த சிலவற்றிலும் இப்படி. லேடெக்ஸ் சீல் பலூன் மாதிரி மெல்லிய ரப்பர், அதில் குளிர் தாங்கும் சக்தி எதுவும் கிடையாது. இங்கே கழுத்து நீண்ட ஹூட் வேண்டும்; சீல் முழுவதையும் மூடி, சூட்டின் தோள்பட்டைமேல் சற்றே படிய வேண்டும். மடல் இருந்தால் அது சூட்டுக்கு வெளியே கிடக்கும். கழுத்துப் பிடிப்பு சரியாக இருந்தால் மிதந்து எழும்பாது.

மூன்று: நியோப்ரீன் சீல். இதன் ஓரத்தை உள்பக்கம் மடித்துப் போடுவார்கள். அதுவே தடிமனாக இருப்பதால் கழுத்துக்கு ஓரளவு சூடு கிடைத்துவிடும். ஆனால் தடித்த சீலின்மேல் தடித்த ஹூட் ஏறினால் கழுத்து திரும்பாது. ஹூட்டின் கழுத்துப் பாகம் மட்டும் மெல்லியதாக, 3 மில்லி அளவில் உள்ள ரகமாகப் பாருங்கள்.

நாலு: சீலைக் கையாலேயே கழற்றி மாற்றும்படி கெட்டியான வளையம் பொருத்திய சூட். எஸ்ஐ டெக் என்ற ஸ்வீடன் நிறுவனத்தின் வளையங்கள் பல சூட்களில் இருக்கின்றன. சீல் கிழிந்தால் படகிலேயே மாற்றிவிடலாம் என்பது பெரிய வசதி. ஆனால் வளையம் கழுத்திலிருந்து சற்றுத் தள்ளி நிற்கும். குட்டைக் கழுத்து ஹூட் போட்டால் ஹூட்டின் கீழ்விளிம்புக்கும் வளையத்துக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு வெறும் சீல் தெரியும். கீழே போனதும் அந்த ஒரு விரல் அகலத்தில்தான் முழுக் குளிரும் வந்து உட்காரும். கடைக்குச் சூட்டையே எடுத்துப் போங்கள் என்று நான் சொல்வது முக்கியமாக இந்த ரகத்துக்காகத்தான். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

எந்த விதமானாலும் ஒரு விதி மாறாது: ஹூட்டின் எந்தப் பகுதியும் சீலுக்கு அடியில் போகக்கூடாது. சீல் தோலின்மேல் நேரடியாகப் படிய வேண்டும். ஒரு முடி இடையில் போனாலே தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிடும். நியோப்ரீன் துண்டு போனால் கேட்கவே வேண்டாம்.

படி 2: எங்கே, எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு நேரம்

இப்போது மில்லிக்கு வரலாம். 15 டிகிரிக்கு மேல் 3 அல்லது 5 மில்லி. 8-லிருந்து 15 வரை 5 அல்லது 7. அதற்கும் கீழே 7 அல்லது அதற்கு மேல். இது என் கைக்கணக்கு, உங்கள் உடம்பு வேறு மாதிரி இருக்கலாம். ஒல்லியான என் நண்பர் ஒருவர் 15 டிகிரியிலேயே 7 மில்லிதான் போடுவார்.

ஆனால் வெறும் டிகிரியை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு இடங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்டாரியோவிலேயே, செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் பிராக்வில் என்ற ஊர் இருக்கிறது. ஓடும் தண்ணீர் மேலும் கீழும் கலந்துகொண்டே இருப்பதால் ஆகஸ்ட்டில் அடிவரைக்கும் 20 டிகிரிக்கு மேல் இருக்கும். அங்கே 3 மில்லி தாராளம், சிலர் ஹூட்டே போடுவதில்லை. அதே வாரம் டோபர்மோரிக்குப் போனால் மேலே 18, பாதிவழியில் ஒரு கோடு கிழித்ததுபோல் 8, அடியில் 4. படகில் யாராவது "தண்ணீர் 18" என்று சொன்னால் "எந்த ஆழத்தில்?" என்று திருப்பிக் கேளுங்கள்.

ஐஸ்லாந்தின் திங்வெல்லிர் தேசியப் பூங்காவில் உள்ள சில்ஃப்ரா பிளவு இன்னொரு விதம். லாங்யோகுல் பனிப்பாறை உருகிய நீர் எரிமலைப் பாறைக்குள் பல்லாண்டுகள் ஊறி வடிந்து வருவதால் வருடம் முழுவதும் 2-லிருந்து 4 டிகிரி. நூறு மீட்டருக்கும் தெளிவாகத் தெரியும். ஆழம் அதிகம் போகவிடமாட்டார்கள், நேரமும் அரை மணி சொச்சம்தான். இப்படியான டைவுக்கு நல்ல 7 மில்லி போதும். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஸ்காபா ஃப்ளோவில் கதை வேறு. 1919 ஜூன் 21-ல் ஜெர்மானியக் கடற்படை தன் கப்பல்களைத் தானே மூழ்கடித்த இடம். 74 கப்பல்களில் 52 அடிக்குப் போயின. எஞ்சிய போர்க்கப்பல்களைப் பார்க்க டைவர்கள் கோடையில்தான் அதிகம் போவார்கள், அப்போது 12, 13 டிகிரி இருக்கும். கேட்க இதமாகத் தெரியும். ஆனால் முப்பது, நாற்பது மீட்டர் ஆழம். ஏறும்போது வழியில் நின்று காத்திருக்கும் நேரம். ஒரு நாளைக்கு இரண்டு டைவ், ஒரு வாரம் முழுக்க. குளிர் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். நான் அங்கேயும் 7 தான் எடுத்துப்போவேன்.

ஆழம் ஏன் முக்கியம் என்றால், நியோப்ரீன் நசுங்கும். 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு, 30 மீட்டரில் நாலு மடங்கு. குமிழிலுள்ள வாயு அந்த விகிதத்தில் சுருங்கும். ரப்பர் சுருங்காது என்பதால் 7 மில்லி அப்படியே கால்வாசியாகிவிடாது, இருந்தாலும் நன்றாகவே மெலிந்துவிடும். மிகவும் குளிரும் ஆழத்தில்தான் ஹூட் மிகவும் மெல்லியதாக இருக்கும் என்பது இந்தப் பொருளின் பரிதாபம். உடம்புப் பக்கம் இந்தப் பிரச்சினை குறைவு. சூட்டுக்குள் காற்று விட்டுச் சரிசெய்துகொள்ளலாம், ஹூட்டுக்கு அந்த வசதி இல்லை.

எனவே ஒரே தடிமனில் வெட்டிய ஹூட்டைவிட உச்சியில் தடிப்பாகவும், முகவிளிம்பிலும் கழுத்திலும் மெல்லியதாகவும் தைத்ததைத் தேடுங்கள். அப்புறம், தொளதொளவென்ற 7 மில்லியைவிடக் கச்சிதமான 5 மில்லி எப்போதும் சூடாக இருக்கும். உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் எத்தனை மில்லி போட்டும் பயனில்லை.

படி 3: அளவு. இதில் அவசரம் கூடாது

தையல் டேப்பால் மூன்று அளவு எடுங்கள். புருவத்துக்குச் சற்று மேலே தலைச்சுற்றளவு. கழுத்தின் நடுவில் சுற்றளவு. தாடைக்கு அடியிலிருந்து காதோரமாக உச்சி வழியே ஒரு சுற்று. மூன்றாவதைப் பலர் எடுப்பதில்லை, நீள முகக்காரர்களுக்குப் பிரச்சினை வருவது அங்கேதான். தலைக்குச் சரியாக இருக்கும், வாயைத் திறந்தால் உச்சி இழுக்கும். ஒவ்வொரு நிறுவனத்தின் எல், எக்ஸ்எல்லும் வேறு வேறு, அவர்களின் அட்டவணையைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கடையில் போட்டால் உடனே கழற்றாதீர்கள். பத்து நிமிடம் இருங்கள். தண்ணீருக்கடியில் மூச்சுவிட உதவும் உங்கள் ரெகுலேட்டரின் வாய்ப்பாகத்தைக் கடித்துக்கொண்டு கொட்டாவி விடுவதுபோல் தாடையை அசையுங்கள், எச்சில் விழுங்குங்கள். தாடை வலிக்க ஆரம்பித்தால் ஐம்பது நிமிட டைவில் அது சித்திரவதையாகும். தலையை இடம், வலம், மேல் என்று திருப்புங்கள். ஹூட் முகத்தோடு சேர்ந்து திரும்ப வேண்டும். நீங்கள் திரும்பியும் ஹூட் நேராகவே நின்றால் ஒரு கண் இருட்டிவிடும். உச்சியில் விரலால் கிள்ளிப் பாருங்கள். தொப்பி மாதிரி துணி எழும்பினால் அங்கே தண்ணீர் குளம் கட்டும்.

புது ஹூட் தலையில் சற்று இறுக்கமாக இருந்தால் பரவாயில்லை, நாலைந்து டைவில் தளரும். கழுத்தில் இறுக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். தாடைக்கோணத்துக்குக் கீழே, மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில், ரத்த அழுத்தத்தை அளந்து சொல்லும் நரம்பு முனைகள் இருக்கின்றன. வெளியிலிருந்து அழுத்தினால், ரத்த அழுத்தம் கூடிவிட்டது என்று ஏமாந்து இதயத்துடிப்பைக் குறைக்கச் சொல்லும். தலை கிறுகிறுக்கும், சிலருக்கு மயக்கமே வரும். தண்ணீருக்கடியில் மயங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சாதாரண வெட்சூட்காரருக்குக் கழுத்தில் ஒரு இறுக்கம்தான். ட்ரைசூட்காரருக்கு சீல், காலர், ஹூட் என்று மூன்று அடுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். தனித்தனியே போட்டுப் பார்த்தால் எல்லாமே சரியாகத்தான் தெரியும். மூன்றையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். முகம் உப்பி ரத்தம் ஏறியதுபோல் தெரிந்தாலோ, தலையைத் திருப்பும்போது கிறுகிறுப்பு வந்தாலோ உடனே கழற்றிவிட்டு அடுத்த அளவுக்குப் போங்கள். "தண்ணீரில் சரியாகிவிடும்" என்று கடையில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

படி 4: மாஸ்க்கோடு ஒத்துப்போகிறதா

உங்கள் சொந்த மாஸ்க்கைக் கொண்டுபோங்கள், கடை மாஸ்க் உதவாது. மாஸ்க்கின் சிலிகான் விளிம்பு முழுதும் தோலில் படிய வேண்டும், ஹூட்டின் முகவிளிம்பு அதை வெளியிலிருந்து தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். ஹூட் உள்ளே புகுந்தால் மாஸ்க் கசியும். இரண்டுக்கும் நடுவே நெற்றியில் வெறும் தோல் தெரிந்தால் அந்த ஐஸ்கிரீம் குத்து நிச்சயம். சின்ன மாஸ்க் வைத்திருப்பவர்கள் முகத்திறப்பு சிறிய ஹூட்டாகப் பார்க்க வேண்டும். கன்னத்தில் கொஞ்சம் தெரிந்தால் தாங்கிக்கொள்ளலாம். உதடு எப்படியும் மரத்துப்போகும், அதற்கு வழி இல்லை.

மாஸ்க் பட்டையை ஹூட்டுக்கு மேலே போடுவதா, அடியிலா என்று படகுகளில் சண்டையே நடக்கும். அடியில் போட்டால் யாராவது காலில் மாட்டிய துடுப்பால் இடித்தாலும் மாஸ்க் பறிபோகாது. மேலே போட்டால் தேவையானபோது தடித்த கையுறையோடும் சரிசெய்யலாம். நான் மேலே போடும் கட்சி.

படி 5: காற்று வெளியேற வழி, காதுக்குத் தண்ணீர்

மாஸ்க்கில் புகுந்த தண்ணீரை வெளியேற்ற மூக்கால் ஊதும்போது, காற்றில் ஒரு பங்கு விளிம்பு வழியே ஹூட்டுக்குள் ஏறி உச்சியில் தேங்கும். மேலே வரும்போது அது விரிந்து, தலை கோமாளித் தொப்பி மாதிரி கூம்பும். மாஸ்க்கும் நகரும். நல்ல ஹூட்களில் உச்சியில் சிறு துளைகளும், அவற்றுக்கு உள்பக்கம் காற்றை வெளியே விட்டுத் தண்ணீரைத் தடுக்கும் ஒரு துணி மடிப்பும் இருக்கும். கண்ணாடியில் பார்த்தால் துளை தெரியாது, விரலால் தடவிப் பாருங்கள். இல்லாத ஹூட்டில் சூடான ஊசியால் இரண்டு மூன்று துளை போட்டுக்கொள்வது பழைய டைவர்கள் செய்வது. ஊசி அளவு போதும், பேனா அளவுக்குப் போட்டால் அது குழாய்.

காது விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஹூட் காதை அடைத்துக்கொண்டால், ஹூட்டுக்கும் செவிப்பறைக்கும் நடுவே காற்று மாட்டிக்கொள்ளும். இறங்க இறங்க அது சுருங்கி, செவிப்பறையை வெளியே இழுக்கும். நீங்கள் வழக்கம்போல் மூக்கைப் பிடித்து ஊதுவீர்கள். அது உள்ளிருந்து இன்னும் வெளியே தள்ளும். ஊத ஊத வலி கூடும். "எனக்குக் காது திறக்கவே இல்லை" என்று சொல்லும் சிலரின் பிரச்சினை மூக்கிலோ சளியிலோ இல்லை, ஹூட்டில்தான். தீர்வு எளிது: இறங்கியதும் மேற்பரப்பிலேயே முகவிளிம்பை விரலால் விலக்கி, இரண்டு காதுக்கும் தண்ணீர் போகவிடுங்கள். காதுப்பக்கம் சிறு துளைகள் வைத்துத் தைத்த ஹூட்களும் உண்டு.

தண்ணீரை இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில், மெதுவாக விட வேண்டும். ஒரு காதில் மட்டும் பனித்தண்ணீர் புகுந்தால் உட்காதின் சமநிலை உறுப்பு ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்து, உலகமே சுழலும். காதில் வெந்நீரோ குளிர்நீரோ விட்டால் தலை ஏன் சுற்றுகிறது என்று ஆராய்ந்த ராபர்ட் பாரானிக்கு 1914-ம் ஆண்டின் மருத்துவ நோபல் கிடைத்தது, அந்தச் சமநிலை உறுப்பைப் பற்றிய ஆய்வுகளுக்காக. நல்லவேளையாக இந்தச் சுழற்சி ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கும். அதுவரை கயிற்றையோ பாறையையோ பிடித்துக்கொண்டு அசையாமல் இருங்கள்.

நான் பிளாஸ்கில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுபோய், குதிப்பதற்குச் சற்று முன் ஹூட்டுக்குள் ஊற்றிக்கொள்வேன். காதும் நிறையும், முதல் அதிர்ச்சியும் இருக்காது. கை பொறுக்கும் சூடு போதும், தேநீர்ச் சூடு வேண்டாம்.

தலைகூட நனையாத ஹூட்

சூட்டோடே ஒட்டிவரும் லேடெக்ஸ் ஹூட் உண்டு. சாக்கடை கலந்த துறைமுகத் தண்ணீரில் வேலை செய்பவர்களுக்கும், பனிக்கட்டிக்கு அடியில் நெடுநேரம் இருப்பவர்களுக்கும் அது தேவை. ரப்பருக்கே சூடு கிடையாது, உள்ளே துணித்தொப்பி போட வேண்டும். அந்தத் தொப்பி காதுப்பக்கம் காற்று நகரவும் வழி விடும், இல்லையென்றால் ரப்பர் காதோடு ஒட்டி மேலே சொன்ன வலியே வரும். கிழிந்தால் அந்த டைவும் முடிந்தது. பொழுதுபோக்கு டைவருக்கு இது வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

படி 6: துணி, தையல், ஜிப்

உள்பக்கம் வழுவழுப்பான ரப்பராக இருந்தால் தோலோடு ஒட்டித் தண்ணீரைத் தடுக்கும், ஆனால் போடும்போது நகம் பட்டுக் கிழியும். உள்ளே மென்துணி ஒட்டியது போடச் சுலபம், காய நேரமாகும். முகவிளிம்பிலும் கழுத்திலும் வழுவழுப்பு, மற்ற இடத்தில் துணி என்பது நல்ல சமரசம். தையலை உள்ளே திருப்பிப் பாருங்கள். ஒட்டிய பின், ஊசி மறுபக்கம் வராமல் தைத்திருந்தால் நல்லது. ஊசித்துளை இருபக்கமும் தெரிந்தால் ஒவ்வொரு துளையும் ஒரு சிறு குழாய்தான். ஜிப் வைத்த ஹூட், பெரிய தலைக்காரர்களுக்கும் காது மடங்கினால் பொறுக்காதவர்களுக்கும் உதவும். ஜிப் வழியே கொஞ்சம் தண்ணீர் வரும்.

பழைய ஹூட் வாங்கினால் கிள்ளிப் பார்த்து வாங்குங்கள். அமுக்கி விட்டதும் உப்பி எழுந்தால் உயிர் இருக்கிறது. அட்டைபோல் விறைத்து, அமுக்கிய இடம் அப்படியே பள்ளமாக நின்றால் குமிழெல்லாம் செத்துப்போயிருக்கும். வெளியே 7 என்று அச்சடித்திருந்தாலும் கணக்கில் அது 4 கூட வராது.

முடி, எண்ணெய், தோடு

எங்கள் ஆட்களுக்கென்று ஒரு வார்த்தை. தேங்காய் எண்ணெய் இயற்கை ரப்பரின் எதிரி. லேடெக்ஸ் சீலில் தொடர்ந்து பட்டால் அது ஊறி, பிசுபிசுத்து, ஒரு நாள் கையோடு கிழிந்து வரும். டைவுக்கு முந்தின இரவு தலைக்கு ஷாம்பூ போட்டுக் குளித்துவிடுங்கள். (கனடாவில் எண்ணெய் பாட்டிலே பாதி வருடம் கட்டியாகத்தான் கிடக்கும், அதை உருக்கித் தலையில் வைக்க நேரம் கிடைப்பவர்களுக்குத்தான் இந்த அறிவுரை.) சிலிகான் சீலுக்கு இந்தப் பயம் குறைவு.

நீண்ட கூந்தலை உச்சியில் கொண்டை போட்டால் ஹூட் அங்கே கூடாரமாகும். தளர்வாகப் பின்னி, பிடரியில் தட்டையாகப் படியவைத்து, நுனியை மேலே மடித்துச் செருகுவது வசதி. பின்னல் சீலுக்குள் இறங்கக்கூடாது. தோடு, ஜிமிக்கி, மூக்குத்தி எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். ஏழு மில்லி நியோப்ரீன் ஒரு தோட்டை நாற்பது நிமிடம் காதோடு அழுத்தினால் எப்படி இருக்கும் என்பதை என் மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

படி 7: முதல் டைவ்

போடும் வரிசை: சூட், சீல், காலர், ஹூட், மாஸ்க். சீலைத் தோலில் படியவைத்ததும் விரலைச் சுற்றிலும் ஓட்டி, முடியோ மடிப்போ இல்லையென்று பாருங்கள். அப்புறம் காலரை மேல்நோக்கி மடித்துவிட்டு, ஹூட்டைப் போட்டு, காலரை அதன்மேல் இறக்குங்கள். தன் கழுத்துப் பின்புறம் யாருக்கும் தெரியாது, கூட வருபவரிடம் காட்டுங்கள். என் நண்பர்களிடம் "அண்ணா, பின்னால் பாருங்கோ" என்று திரும்பி நிற்பது படகில் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது.

ஹூட் மிதக்கும். தடித்த ஹூட்டோடு மூழ்க, இடுப்பில் கட்டும் ஈயம் அரை கிலோ கூடுதலாகத் தேவைப்படலாம். எனவே எடையை மறுபடி சரிபாருங்கள். முதல் டைவ் ஆறேழு மீட்டருக்குள் இருக்கட்டும். அங்கே மூன்று காரியம் செய்து பாருங்கள்: மாஸ்க்கைக் கழற்றி, கையுறையோடு திரும்பப் போடுங்கள், தலையை முழுதும் பின்னால் சாய்த்து மேலே பாருங்கள், மெதுவாக ஏறும்போது ஹூட்டில் காற்று தேங்குகிறதா என்று கவனியுங்கள். ஹூட் போட்டதும் சத்தம் மங்கும், படகு எஞ்சின் எந்தப் பக்கம் என்பதும் குழம்பும். மேலே வரும்போது கண்ணால் சுற்றிப் பார்க்கும் பழக்கம் இன்னும் முக்கியமாகிறது.

கழுவி வைப்பது

நன்னீரில் அலசி, உள்பக்கத்தை வெளியே திருப்பி நிழலில் காயவையுங்கள், பிறகு மறுபடி திருப்பி வெளிப்பக்கத்தையும் காயவையுங்கள். வெயிலில் போட்டால் ரப்பர் வெடிக்கும், மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தால் மடிப்பு நிரந்தரமாகும். நான் ஒரு வெற்றுப் பிளாஸ்டிக் புட்டிமேல் மாட்டிவைப்பேன். பாதாள அறைக்கு வரும் விருந்தாளிகள் ஒரு கணம் திடுக்கிடுவார்கள். வாடை வந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் குழந்தை ஷாம்பூ கலந்து அரை மணி ஊறவைத்தால் போய்விடும். கழுத்து ஓரத்தில் தையல் விட்டால் நியோப்ரீன் பசை தடவி ஒரு நாள் விட்டுவிடுங்கள்.

கடைசியாக, உள்பக்கக் கழுத்தில் வெள்ளை மார்க்கரால் உங்கள் பெயரை எழுதிவையுங்கள். டோபர்மோரிப் படகின் பெஞ்சில் பன்னிரண்டு கறுப்பு ஹூட் ஈரத்தோடு குவிந்து கிடக்கும், அதில் பத்து எல் சைஸாக இருக்கும். போன கோடையில் நான் இரண்டாவது டைவுக்கு வேறு யாருடையதையோ போட்டுக்கொண்டு போய்வந்தேன். சொல்லப்போனால் என்னுடையதைவிட அது நன்றாகவே பொருந்தியது.